பதில் சொல்லாத டயர் சென்சாரின் எண்ணைப் புதிய சென்சாருக்கு வீட்டிலேயே எழுத முடியுமா?

பாமணிக்கரை (மன்னார்குடி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் காருக்கு வயது ஏழு. நான்கு சக்கரங்களுக்குள்ளும் காற்றழுத்த சென்சார்கள் இருக்கின்றன. எந்த டயரில் எத்தனை பிஎஸ்ஐ என்பதை டாஷ்போர்டு தனித்தனியே காட்டும். சென்ற மாதம் பின்பக்க டயர்கள் இரண்டையும் மாற்றியபோது, இடது பின்சக்கரத்தின் சென்சார் உடைந்துவிட்டது. கடையில் அதற்குப் பதிலாகச் சாதாரண ரப்பர் வால்வைப் போட்டு, உடைந்ததை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதற்கும் இரண்டு வாரம் முன்பிருந்தே வலது முன்சக்கரத்தின் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக இரண்டு கோடுகள்தாம் தெரிந்துகொண்டிருந்தன. இப்போது வண்டியை எடுக்கும்போதெல்லாம் டாஷ்போர்டில் டயர் அழுத்தத்துக்கான மஞ்சள் விளக்கு ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு, பிறகு அணையாமல் நின்று எரிகிறது.

எங்கள் பக்கம் இந்த விளக்கை அலட்சியம் செய்ய மனம் வரவில்லை. வயலுக்குப் போகும் வாய்க்கால் கரைச் சாலையில் சீமைக் கருவேல முள் கிடக்காத நாளில்லை. முள் குத்திய ட்யூப்லெஸ் டயர் உடனே இறங்கிவிடாமல் இரண்டு மூன்று நாளில் சிறுகச் சிறுக இறங்கும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சர்வீஸ் சென்டரோ தஞ்சாவூரில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சம்பா அறுவடை நடக்கும் இந்தச் சமயத்தில் ஒரு முழு நாளை அதற்குக் கொடுக்க முடியாது. ஆகவே, எண் எழுதக்கூடிய வெற்று சென்சார்கள் இரண்டையும், அவற்றில் எழுதும் கையடக்கக் கருவி ஒன்றையும் இணையத்தில் வாங்கிவிட்டேன். வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (பழுதறியும் கருவியை இணைக்கும் இடம்) செருகும் கேபிளும் அதனுடன் வந்திருக்கிறது.

நேற்று மாலை போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்தி, இடது முன்சக்கரத்தின் வால்வுக்கு அருகே கருவியைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு விநாடியில் ‘பீப்’ என்ற ஒலியுடன் அழுத்தம் 32, வெப்பநிலை 34 டிகிரி, பேட்டரி நன்று என்ற விவரங்களும், எண்களும் எழுத்துகளுமாக எட்டு இடங்கள் கொண்ட ஓர் அடையாள எண்ணும் திரையில் வந்தன. வலது பின்சக்கரமும் அவ்வாறே பதில் சொன்னது. வலது முன்சக்கரத்தில் மட்டும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, முடிவில் சென்சார் கிடைக்கவில்லை என்று வந்தது.

பழைய சென்சாரின் எண்ணைப் படித்துப் புதியதில் எழுத வேண்டும் என்பது கருவியின் கையேடு சொல்லும் வழி. பழையது வாய் திறக்காதபோது எதைப் படித்து எழுதுவது? புதிய எண்ணை உருவாக்கி அதை வண்டிக்குப் பழக்குவது மேலா, அல்லது எப்படியாவது பழைய எண்ணையே கண்டுபிடிப்பது மேலா? ஜாக்கியும் கம்ப்ரெசரும் வீட்டில் இருப்பதால் சென்சாரைப் பொருத்துவதையும் நானே செய்துவிடலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நாகைக் கருவியாளர் எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. உங்கள் விளக்கு சிமிட்டிவிட்டு நின்று எரிகிறது என்பதை நீங்கள் கவனித்து எழுதியது மிகவும் நல்லது. பெரும்பாலான வண்டிகளில் அது சென்சார் கோளாற்றின் அடையாளம். சிமிட்டாமல் நேராக எரிந்தால் காற்று குறைவு என்று பொருள். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் சென்சார் வாங்கிவிட்டு, பிறகு காற்றடித்ததும் விளக்கு அணைந்துவிட்டது என்று சொன்னவர்களை நான் அறிவேன்.

இந்தக் கருவிகளின் பெட்டியில் எதை அச்சிட்டிருந்தாலும், அவை செய்யக்கூடிய வேலைகள் மூன்றே. வண்டி நிற்கும்போது பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகத் தூங்கிவிடும் சென்சாரை 125 கிலோஹெர்ட்ஸ் அலையால் தட்டி எழுப்பி, அது 433 மெகாஹெர்ட்ஸில் சொல்லும் எண்ணையும் அழுத்தத்தையும் கேட்டுக்கொள்வது முதல் வேலை. வெற்று சென்சாருக்கு உங்கள் வண்டி புரிந்துகொள்ளும் மொழியையும் ஓர் எண்ணையும் எழுதுவது இரண்டாவது. அந்த எண்ணை வண்டிக்கு அறிமுகப்படுத்துவது மூன்றாவது. பலரும் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதால்தான், ‘எழுதி முடித்தது என்று கருவி சொல்கிறது, விளக்கு மட்டும் அணையவில்லை’ என்ற புலம்பல் எங்கும் கேட்கிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் இஎல்-50448 போன்ற சிறு கருவிகள் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் சென்சார்களை எழுப்ப மட்டுமே வல்லவை; எண் எழுத அவற்றால் இயலாது. உங்களுடையது எழுதும் வகை என்பதால் அந்தக் கவலை இல்லை.

பழைய எண்ணையே புதியதில் எழுதினால் மூன்றாவது வேலையே வேண்டியதில்லை. சென்சார் மாறியது வண்டிக்குத் தெரியாது. புதிய எண்ணை உருவாக்கினால் வண்டிக்குப் பழக்கியாக வேண்டும். சில வண்டிகள் சற்று நேரம் ஓட்டினால் தாமாகவே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் இடது முன், வலது முன், வலது பின், இடது பின் என்ற வரிசையில் ஒவ்வொரு சென்சாராக எழுப்பிக் காட்ட வேண்டும். வேறு சிலவற்றில் ஓபிடி வழியாக எண்ணை உள்ளே எழுத வேண்டும். இவற்றில் உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கருவியே மாடலைத் தேர்ந்தெடுத்ததும் சொல்லும். எனினும், முடிந்தவரை பழைய எண்ணையே எழுதுவதுதான் என் பரிந்துரை.

இனி, வாய் திறக்காத சென்சாரின் எண்ணுக்கு வருகிறேன். அதைச் சென்சாரிடம்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. வண்டியின் நினைவில் நான்கு எண்களும் இருக்கின்றன. இக்னிஷனைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள சாக்கெட்டில் கேபிளைச் செருகிக் கேட்டால், உங்கள் மாடலுக்குக் கருவி அந்த வசதியை வைத்திருக்கும்பட்சத்தில், நான்கையும் காட்டும். எந்த எண் எந்தச் சக்கரத்துக்குரியது என்று எல்லா வண்டியும் சரியாகச் சொல்வதில்லை. அதனால் தடையில்லை. பதில் சொன்ன இரண்டு சக்கரங்களின் எண்களை அந்த நான்கிலிருந்து அடித்துவிடுங்கள், மிஞ்சுவன இரண்டு. உடைந்த சென்சாரின் உடலில் அதன் எண் அச்சிடப்பட்டிருக்கும். மிஞ்சிய இரண்டில் அது எதனுடன் பொருந்துகிறதோ அது இடது பின்சக்கரம். கடைசியாக நிற்பது வலது முன்சக்கரத்தினுடையது. கடைக்காரர் உடைந்த துண்டைக் குப்பையில் போடாமல் கொடுத்தது உங்கள் நல்ல நேரம்.

அச்சிட்ட எண்ணைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. அது பெரும்பாலும் பதினாறு நிலை எண்முறையில் இருக்கும். அதாவது 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆறு ஆங்கில எழுத்துகளும் மட்டுமே வரும். ஆகையால் வட்டமாகத் தெரிவது சுழியமே; ஓ என்ற எழுத்து அல்ல. 8 என்பதும் பி என்பதும்தான் உண்மையில் ஏமாற்றுபவை. சில நிறுவனங்கள் வெறும் பதின்ம எண்ணாக அச்சிடுவதும் உண்டு. அப்போது அதைப் பதினாறு நிலைக்கு மாற்றிக்கொண்ட பிறகே ஒப்பிட வேண்டும்.

அரசலாறு (கும்பகோணம்) எழுதுகிறார்:

மேலே ஐயா எழுதியது அனைத்தும் சரி. என் அறியாமையால் நேர்ந்த ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

சென்ற ஐப்பசி மழையில் வெளியே வேலையில்லாத ஒரு நாள், நான்கு புதிய சென்சார்களையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். முதல் சென்சாருக்கு இடது முன்சக்கரத்தின் எண்ணை எழுதி முடித்தபோது தொலைபேசி வந்தது. பேசிவிட்டுத் திரும்பியவன், முடித்ததைத் தனியே எடுத்து வைக்காமல், அடுத்த சென்சாரிலும் அதே எண்ணை எழுதிவிட்டேன். நான்கும் பார்வைக்கு ஒரே அச்சு. கடையில் அவற்றைச் சக்கரங்களுக்குள் போட்டு டயரும் ஏற்றியாயிற்று. வண்டியை ஓட்டினால், இடது முன்சக்கரம் 33 என்று காட்டும், சற்று நேரத்தில் 30 என்று காட்டும், மீண்டும் 33க்குப் போகும். வலது பின்சக்கரத்தில் கோடுகள். காற்று இறங்கி ஏறும் டயரை அன்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு சக்கரமாக எழுப்பிப் படித்தபோதுதான் இரண்டு சக்கரங்கள் ஒரே எண்ணைச் சொல்வது தெரிந்தது. நல்ல வேளையாக, நான் வாங்கிய வகை டயருக்குள் இருந்தபடியே மறுபடி எழுத இடம் கொடுத்தது. இல்லையென்றால் டயரைத் திரும்பக் கழற்றியிருக்க வேண்டும்.

ஆகவே ஒரு சென்சாரை எழுதும்போது மற்றதை வேறு அறையில் வையுங்கள். எழுதி முடித்ததும் மார்க்கர் பேனாவால் அதன் உடலிலேயே எந்தச் சக்கரம் என்று குறியுங்கள். கடைக்கு எடுத்துச் செல்லும் முன் மறுபடி ஒருமுறை எழுப்பி, திரையில் வரும் எட்டு இடங்களையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். கருவியில் வண்டியின் மாடலையும் ஆண்டையும் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. ஒரே பெயரில் வந்த வண்டிக்குள்ளேயே தலைமுறை மாறும்போது சென்சாரின் மொழி மாறியிருக்கலாம். எண் சரியாக இருந்தும் மொழி தவறாக இருந்தால் வண்டிக்கு அது காதில் விழாது.

இன்னொன்று. வலது முன்சக்கரத்தின் சென்சார் செத்துவிட்டது என்று ஒரு மாலைச் சோதனையை மட்டும் வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம். பேட்டரி தளர்ந்த சென்சார், குளிர்ந்திருக்கும்போது மௌனமாகவும், நண்பகலில் அரை மணி நேரம் ஓடி டயர் சூடான பிறகு பேசவும் செய்யலாம். ஓட்டிவிட்டு வந்த உடனே ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். பேசினால் எண் கிடைத்துவிடும். ஏழு ஆண்டு ஆகிவிட்டதால் மாற்ற வேண்டியது என்னவோ உறுதிதான்.

கீழவாசல் டயர்க்கடை (தஞ்சாவூர்) எழுதுகிறார்:

எண் எழுதுவதை வீட்டில் தாராளமாகச் செய்யுங்கள் ஐயா. எங்களுக்கும் வேலை மிச்சம். ஆனால் ரிம்மிலிருந்து டயரைப் பிரிப்பதை வீட்டில் முயல வேண்டாம். ஜாக்கியும் கம்ப்ரெசரும் இருந்தால் சக்கரத்தைக் கழற்றலாம், காற்றடிக்கலாம். ரிம்மோடு இறுகிக் கிடக்கும் டயரின் விளிம்பை உடைத்துப் பிரிக்க மெஷின் வேண்டும். அந்த விளிம்பை அழுத்தும் மெஷினின் தகட்டை வால்வுக்கு அருகே கொண்டுபோனால், சென்சார் இருப்பது தெரியாமலே அது நொறுங்கிவிடும். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பலர் வால்வு உலோகமாக இருந்தால் உள்ளே சென்சார் இருக்கும் என்று கவனித்துக்கொள்வார்கள். ஆனால் ரப்பர் வால்வோடு வரும் சென்சாரும் உண்டு, அங்கேதான் தவறு நேர்கிறது. எந்தக் கடைக்குப் போனாலும் சக்கரத்தைக் கழற்றும் முன்பே ‘உள்ளே சென்சார் இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

வால்வின் நட்டை மனம்போல் முறுக்கக் கூடாது. சென்சாருடன் வரும் தாளில் முறுக்கும் விசை எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் 4 முதல் 8க்குள் இருக்கும். அதைக் கையளவில் சொல்வதென்றால், சிறிய ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து முறுக்கும் விசைதான். அதற்கு மேல் போனால் அலுமினியத் தண்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

உள்ளே இருக்கும் வால்வு ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண பித்தளை ஊசியை அலுமினியத் தண்டில் போட்டுவிட்டால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரித்து ஒட்டிக்கொள்ளும். நிக்கல் பூச்சுள்ள ஊசியைத்தான் போட வேண்டும். பளபளப்புக்காகப் பித்தளை மூடி போடுவதும் அதே கதைதான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமிருந்து வரும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். உப்புக்காற்று பட்டு வால்வின் மரையில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூத்திருக்கும். மூடியைத் திருகினால் மூடியோடு தண்டே முறிந்து கையில் வரும், டயர் மொத்தமும் இறங்கிவிடும். பிளாஸ்டிக் மூடியே போதும்.

முள்ளுக்குப் பயந்து டயருக்குள் பஞ்சர் திரவம் ஊற்றிவைத்திருந்தால், சென்சாரைப் போடும் முன் ரிம்மையும் டயரின் உட்புறத்தையும் துடைத்துவிடச் சொல்லுங்கள். அழுத்தத்தை உணரும் துளை ஊசிமுனை அளவுதான். அந்தத் திரவம் அதில் காய்ந்தால் சென்சார் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு நின்றுவிடும். டயரை ஏற்றிய பின் வீல் பேலன்சிங்கையும் விட்டுவிட வேண்டாம்.

வடுவூர் ஏரி எழுதுகிறார்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இத்தனை பாடு எதற்கு? வால்வின் மேல் மூடியாகத் திருகும் வெளிப்புற சென்சார்கள் நான்கும், வெயிலில் சார்ஜ் ஏறும் சிறு திரையும் சேர்ந்து ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. எண் எழுதுவதும் இல்லை, டயரைக் கழற்றுவதும் இல்லை; பேட்டரி தீர்ந்தால் நாமே மாற்றிக்கொள்ளலாம். அதுவும் வேண்டாமென்றால் சில நூறு ரூபாய்க்குக் காற்றழுத்தமானி ஒன்றை வாங்கி, காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது வாரம் ஒருமுறை பார்த்தால் போதாதா?

நாகைக் கருவியாளர் எழுதுகிறார்:

வண்டியில் எதுவும் இல்லாதவருக்கு நானும் அந்த வெளிப்புற வகையைத்தான் சொல்வேன். இவருக்கு ஏற்கெனவே இரண்டு சென்சார்கள் வேலை செய்கின்றன, கருவியும் கைக்கு வந்துவிட்டது. வெளிப்புற வகையைப் போட்டாலும் டாஷ்போர்டின் மஞ்சள் விளக்கு அணையாது. எப்போதும் எரியும் விளக்குக்குக் கண் பழகிவிட்டால், காற்று உண்மையிலேயே குறையும் நாளில் அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

காற்றழுத்தமானி எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்பதில் மறுப்பில்லை. டயர் அழுத்தக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கிய அமெரிக்க விதியே, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தபின் விளக்கு எரிந்தால் போதும் என்கிறது. 33 வைக்க வேண்டிய டயரில் அது ஏறக்குறைய 25 பிஎஸ்ஐ. அவ்வளவு தூரம் இறங்கும்வரை விளக்கை நம்பிக் காத்திருப்பது சரியல்ல. எண்ணாகக் காட்டும் வகையின் பயன் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணையும் விடியற்காலையில் பார்க்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினாலே ஒன்றரை பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் கூடும். மார்கழிக் காலையில் 31 காட்டிய அதே டயர், உச்சி வெயிலில் தார்ச்சாலையில் ஓடியபின் 35 காட்டினால் அது சென்சாரின் பிழையல்ல.

ஸ்டெப்னியில் சென்சார் பெரும்பாலும் இருக்காது என்பதையும் நினைவில் கொள்ளவும். பஞ்சராகி ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டினால் விளக்கு சிமிட்டத்தான் செய்யும். 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் வாகனத்தில் ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தக் கண்காணிப்பும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. அப்படி வரும் வண்டிகளில் இந்தச் சென்சார்களைச் சீராக வைத்திருப்பது இன்னும் அவசியமாகிறது.

பாமணிக்கரை (மன்னார்குடி) எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. வேலை முடிந்தது; நடந்ததை எழுதுகிறேன்.

அரசலாறு அவர்கள் சொன்னபடி நண்பகலில் ஓட்டிவிட்டு வந்து வலது முன்சக்கரத்தை மூன்று முறை எழுப்பிப் பார்த்தேன். பயனில்லை. பிறகு ஓபிடி வழியாக வண்டியைக் கேட்டதில் நான்கு எண்களும் வந்தன. எது எந்தச் சக்கரம் என்பது மட்டும் வரவில்லை. பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கையும் எழுதி, பதில் சொன்ன இரண்டையும் பேனாவால் அடித்தேன். உடைந்த சென்சாரின் மேல் அச்சு பாதி தேய்ந்திருந்தது. என் தந்தையாரின் பூதக்கண்ணாடியை வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததில் கடைசி நான்கு இடங்கள் தெளிந்தன. அதில் ஒன்றை நான் 8 என்றே படித்தேன். மிஞ்சியிருந்த இரண்டு எண்களில் ஒன்றில் அந்த இடத்தில் பி இருந்தது, மற்ற மூன்று இடங்களும் அச்சாகப் பொருந்தின. ஆக, அது பி.

சென்சார் ஒன்றைச் சமையலறையிலும் மற்றதைப் போர்ட்டிகோவிலும் வைத்துக்கொண்டு எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் முக்கால் மணி நேரம். டயர்களைக் கழற்றி ஏற்றியது கடையில்தான். வால்வு நட்டை அந்தத் தாளைக் காட்டி அதன்படியே முறுக்கச் சொன்னேன்; கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு உள்ளிருந்து முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்பானரை எடுத்துவந்தார். நீடாமங்கலம் சாலையில் சற்றுத் தூரம் போவதற்குள்ளாகவே கோடுகள் மறைந்து நான்கு எண்களும் வந்தன. அடுத்த முறை வண்டியை எடுத்தபோது விளக்கு சிமிட்டவில்லை. இரண்டு எண்களும் இடம் மாறியிருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, வலது முன்சக்கரத்தில் மட்டும் 3 பிஎஸ்ஐ காற்றை இறக்கிவிட்டு ஓட்டினேன். டாஷ்போர்டிலும் அதே சக்கரம்தான் இறங்கியது. என் காற்றழுத்தமானிக்கும் டாஷ்போர்டுக்கும் 1 பிஎஸ்ஐ வேறுபாடு இருக்கிறது, அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்தச் செய்தி கேட்டு, திருத்துறைப்பூண்டியிலிருந்து என் மைத்துனர் வந்து கருவியை வாங்கிச் சென்றார். அவர் வண்டியில் நான்கு சக்கரமும் பதில் சொல்லவில்லை என்று இரவு ஒன்பது மணிக்குப் பதற்றத்துடன் தொலைபேசியில் அழைத்தார். அரை மணி நேரம் பேசியபின், அவருடைய காரின் கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன். அது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார்கள் சொல்லும் சக்கரச் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுக் காற்று குறைவதைக் கணிக்கும் வகை. சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. காற்றைச் சரிசெய்துவிட்டு ரீசெட் பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால் போதும் என்று அதில் எழுதியிருந்தது.